கடல் இல்லாத தீவுகள்

மார்கழி மாதத்து அதிகாலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கரியாலூருக்கு ஏறிச் செல்லும் மலைப் பாதையில், உயரமான ஒரு திருப்பத்தில் நாம் நின்றுகொண்டிருந்தோம். கீழே வயலும் இல்லை, கரும்புத் தோட்டமும் இல்லை, ஏரியும் இல்லை, ஊரும் இல்லை. எல்லாவற்றையும் வெண்பனி மூடியிருந்தது. அந்த வெண்மைக்கு மேலே தொலைவில் ஒன்றிரண்டு மலை முடிகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து வந்த முதியவர் ஒருவர் நம்மைக் கண்டு நின்றார். "பெரியவரே, நீங்கள் கடலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று பேச்சுக் கொடுத்தோம்.

"நான் எங்கே சாமி கடலுக்குப் போனேன்? இதோ, இதுதான் எங்க கடலு. வெயில் ஏறினா வத்திப் போயிரும்" என்று சிரித்துவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இயற்கை நூல் வல்லவர்கள் இக்காலத்தில் சொல்லும் பெரிய உண்மையும் அதுவேயாகும். அதில் ஒரே ஒரு திருத்தம் வேண்டும். வெயில் ஏறினாலும் அந்தக் கடல் வற்றுவதில்லை. பனி விலகியபின் நம் கண்ணுக்குத் தெரிகிறதே, அந்த வெப்பமான சமவெளி, அதுதான் மலைமேல் வாழும் எத்தனையோ சிற்றுயிர்களுக்குத் தாண்ட முடியாத கடல்!

தீவு என்றால் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உயிர்களின் கண் கொண்டு பார்த்தால் இந்த இலக்கணம் போதாது. ஓர் உயிர் வாழக்கூடிய இடம் சிறிதாக இருந்து, அதைச் சுற்றிலும் அது வாழ முடியாத இடம் பரந்து கிடந்தால், அதுவும் தீவுதான். பாலைவனத்து நீர்ச்சுனை மீனுக்குத் தீவு. ஊர் நடுவே உள்ள கோயிற்காடு வண்டுக்குத் தீவு. மலைமுடி, குளிர்ச்சியை நாடும் செடிகொடிகளுக்கும் பிராணிகளுக்கும் தீவு. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறைகிறது. பனியும் ஈரமும் மிகுகின்றன. ஆகவே கல்வராயன் மலையின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள தூரம் சில மைல்களே ஆனாலும், அவை இரண்டு தனித்தனி உலகங்கள்.

படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போல நீண்டு கிடக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையோ, தமிழ்நாட்டில் துண்டு துண்டாக உடைந்து நிற்கிறது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, பச்சை மலை, கொல்லி மலை என்று ஒவ்வொன்றும் தனியே நிற்கும். கல்வராயனுக்கும் ஜவ்வாதுக்கும் நடுவே செங்கம் கணவாய். தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. கல்வராயன் மலையின் பரப்பு சுமார் 1,095 சதுர கிலோ மீட்டர். அடிவாரத்தில் முட்புதர்; அதற்கு மேலே இலையுதிர் காடு; உயர்ந்த பீடபூமியின் மடிப்புகளில் மட்டும் இங்கும் அங்குமாகச் சோலைக் காட்டின் சிறு துண்டுகள். தீவுக்குள் தீவு என்று இவற்றைச் சொல்லலாம்.

தீவில் அப்படி என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லுகிறோம்.

1883-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரகடோவா என்னும் எரிமலைத் தீவு வெடித்துச் சிதறியது. எஞ்சிய நிலத்தைச் சாம்பல் புதைத்துவிட்டது. ஒன்பது மாதம் சென்றபின் அங்கே போய்த் தேடிய ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது ஒரே ஒரு சிறு சிலந்தியைத்தான். காற்றில் நூலை விட்டு மிதந்து வந்த சிலந்தி அது. பிறகு காற்று விதைகளைக் கொண்டு வந்தது. அலை தேங்காய்களைத் தள்ளி வந்தது. பறவைகள் பழக்கொட்டைகளை வயிற்றில் சுமந்து வந்தன. சில பத்தாண்டுகளில் மீண்டும் காடு எழுந்தது. ஆனால் எல்லா உயிர்களும் அங்கே வந்து சேரவில்லை. கடலைத் தாண்ட வல்லவை வந்தன, மற்றவை வரவில்லை. தீவின் முதல் விதி இதுதான்: எது வந்து சேர்ந்தது என்பது தற்செயல்.

இரண்டாவது விதி: வந்து சேர்ந்தது மாறிவிடும். 1835-ல் சார்லஸ் டார்வின் பசிபிக் மகா சமுத்திரத்திலுள்ள கலாபகஸ் தீவுகளில் ஐந்து வாரம் தங்கினார். ஒரு தீவில் உள்ள பாடும் குருவி அடுத்த தீவில் உள்ளதைப் போல் இல்லை என்பதைக் கண்டார். உறவினரைப் பிரிந்து தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழும் உயிர், தன் இடத்துக்கு ஏற்ற வடிவத்தைப் பெறுகிறது. மத்தியதரைக் கடல் தீவுகளில் ஒரு காலத்தில் வாழ்ந்த யானைகள் குறுகிக் குறுகி ஒரு மீட்டர் உயரமே ஆகிவிட்டன. மோரீஸ் தீவுக்குப் பறந்து வந்த ஒரு புறாவின் சந்ததி, பயமும் பகையும் இல்லாத இடத்தில் பருத்துப் பெருத்து, பறக்கும் தொழிலையே மறந்தது. அதுதான் டோடோ. அதற்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? நம் தேசத்து நிக்கோபார்த் தீவுகளில் வாழும் பளபளப்பான நிக்கோபார்ப் புறாவே. 2002-ல் மரபணுவை ஒப்பிட்டு இதைக் கண்டறிந்தார்கள்.

மூன்றாவது விதி கணக்கு வடிவில் உள்ளது. ராபர்ட் மக்கார்த்தர், எட்வர்ட் வில்ஸன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1967-ல் இதைப் புத்தகமாக எழுதினார்கள். பெரிய தீவில் பல இனங்கள். சிறிய தீவில் சில இனங்கள். கரைக்கு அருகில் உள்ள தீவில் பல. தொலைவில் உள்ளதில் சில. புதிதாக வருவதும் அழிந்து போவதும் ஒன்றையொன்று ஈடு செய்யும்போது இனங்களின் எண்ணிக்கை ஒரு நிலைக்கு வருகிறது. தீவின் பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அதில் வாழும் இனங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது தோராயமான கணக்கு. இதைச் சோதிக்க வில்ஸனும் அவர் மாணவர் ஸிம்பர்லாபும் பிளாரிடாக் கடற்கரையில் உள்ள மிகச் சிறிய அலையாத்தித் தீவுகள் சிலவற்றுக்குக் கூடாரம் போட்டு, புகையூட்டிப் பூச்சிகளை ஒழித்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் பூச்சி இனங்களின் எண்ணிக்கை பழையபடி ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் வந்தவை எல்லாம் பழையவை அல்ல!

"இதெல்லாம் கடல் கடந்த கதை, கரியாலூருக்கு இதில் என்ன இருக்கிறது?" என்றால், இனிமேல்தான் நம் சொந்தக் கதை தொடங்குகிறது.

நம் மலைகளின் பாறை இடுக்கிலும் மரப்பட்டையிலும் விரல் நீளமே உள்ள மெல்லிய பல்லி ஒன்று உண்டு. சென்னை ராஜதானியில் காட்டிலாகா அதிகாரியாக இருந்த கர்னல் பெட்டோம், சேர்வராயன் மலையில் அதைக் கண்டு 1870-ல் எழுதி வைத்தார். தென்னிந்திய மலைகளில் இருப்பது அந்த ஒரே இனந்தான் என்று ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு காலம் எண்ணியிருந்தார்கள். 2019-ல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மலைமலையாகப் போய்ச் சேகரித்து மரபணுவை ஒப்பிட்டார்கள். வெளியில் ஒன்று போலவே தோன்றும் பல்லிகள் உள்ளே ஏறக்குறைய ஒரு டஜன் தனித்தனி இனங்களாக இருந்தன! ஒரு மலைக்கு ஒரு பல்லி என்பது போன்ற கணக்கு. அவற்றில் ஒன்றுக்கு நம் கொல்லி மலையின் பெயரையே வைத்தார்கள். இந்த மலையில் இருப்பது அந்த மலைக்குப் போனதே இல்லை. இடையே உள்ள சில மைல் வெயில் நிலத்தை அது பல லட்சம் வருஷங்களாகத் தாண்டவில்லை.

மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளின் கதையும் இதுவே. விஷமில்லாத, மண்புழு தின்னும் சாதுப் பிராணி. ஈர மண்ணை விட்டு வெளியேறினால் அதற்கு வாழ்வில்லை. சேர்வராயன் மலையில் ஓர் இனம். இராசிபுரத்துக்குப் பக்கத்து மலையில் 2013-ல் அறியப்பட்ட வேறோர் இனம். மேற்கே போனால் சிறகு உள்ள பறவைக்கும் இதே கதி. நீலகிரிச் சோலைகளில் இருட்டில் தத்தித் திரியும் நீலக் குருவிக்கும், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள அதன் உறவுக்கும் இனமே வேறு. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் இன்னும் ஒன்று. இவற்றுக்கென்றே 2017-ல் ஒரு தனிப் பேரினப் பெயர் ஏற்படுத்தி, அதில் நம் 'சோலை' என்ற தமிழ்ச் சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். சிறகிருந்தும் அவை கணவாயைத் தாண்டவில்லை. சோலையின் நிழலை விட்டு வெளியே பறக்க அவற்றுக்கு மனமில்லை.

நம் பிள்ளைகள் கலாபகஸ் தீவைப் பற்றிப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். படிக்கட்டும், மிகவும் நல்லது. ஆனால் கலாபகஸ் சொல்லும் பாடத்தை, கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் காணலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? பிறர் வீட்டு நிலவறையை அளந்து எழுதியவர்கள், தம் வீட்டு நிலவறையில் இருப்பதை எண்ணிப் பார்க்காமல் இருப்பது நியாயமா?

எண்ணிப் பார்க்க அவசரம் உண்டு. தீவின் உயிர்கள் அழகானவை, ஆனால் பலவீனமானவை. பூமியின் நிலப்பரப்பில் தீவுகள் நூற்றுக்கு ஐந்து பங்குதான். கடந்த ஐந்நூறு வருஷங்களில் அழிந்துபோனவை என்று பதிவான இனங்களிலோ பாதிக்கு மேற்பட்டவை தீவுகளில் வாழ்ந்தவை. 1598-ல் டச்சுக்காரர் மோரீஸில் இறங்கினர். டோடோவை உயிரோடு கண்டதாக நம்பத்தக்க கடைசிச் செய்தி 1662-ஆம் வருஷத்தது. மனிதன் அடித்துத் தின்றது கொஞ்சம். கப்பலில் கூட வந்த எலியும் பன்றியும் குரங்கும் முட்டையைத் தின்றது அதிகம். நம் அந்தமானையே பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் அங்கே புள்ளிமான்களைக் கொண்டு போய் விட்டார்கள். மான் அழகுதான். ஆனால் அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மான்கள் பெருகி இளஞ்செடிகளை மேய்ந்துவிடவே, பல இடங்களில் காட்டின் கீழ்த்தளம் வெறுமையாகிறது.

கல்வராயனுக்கு எலி ஏறிய கப்பல் எது? அழகுக்காக வளர்க்கக் கடல் கடந்து கொண்டு வரப்பட்ட உண்ணிச்செடி, இன்று நம் மலைக்காடுகள் எங்கும் புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. அது மூடிய இடத்தில் நாட்டு மரத்தின் கன்று தலை தூக்குவதில்லை. கோடையில் தீப்பிடித்தால் அது தீயைக் கொண்டு செல்லும் திரியாகிறது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியிருக்கிறது. கிழங்கைத் தோண்டி எடுத்தபின் அவிழ்ந்து கிடக்கும் மண் அடுத்த மழையில் ஓடைக்குப் போகிறது. சோலைத் துண்டு சிறிது சிறிதாகக் குறுகினால், தீவு குறுகுகிறது என்றே பொருள்.

"எஞ்சியதற்கு வேலி போட்டுவிட்டால் போகிறது" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1914-ல் பனாமாக் கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது, நீர் உயர்ந்து ஒரு குன்று தீவாயிற்று. பேரோ கொலராடோ என்று அதன் பெயர். ஒருவரும் வெட்டாமல் காவல் காத்து வந்தார்கள். அப்படியிருந்தும், காட்டுத் தரையில் வாழும் பல பறவை இனங்கள் அங்கிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. இடம் சிறிது; வறட்சியிலோ நோயிலோ சில அழிந்தால், ஈடுசெய்ய வெளியிலிருந்து வர வழியில்லை. காவல் வேண்டும், ஆனால் காவல் மட்டும் போதாது.

இத்துடன் உலகமே சூடேறி வருகிறது. கடல் மட்டம் உயர்ந்தால் கடல் தீவு நாற்புறமும் கரைந்து சுருங்கும். வெப்பம் உயர்ந்தால் மலைத் தீவும் அவ்வாறே கீழிருந்து சுருங்கும். குளிர்ச்சியைத் தேடி உயிர்கள் மேலே மேலே ஏறும். இமயமலையில் ஏற இடம் உண்டு. நம் கல்வராயனின் உச்சிக்கு மேலே வானம்தான் இருக்கிறது.

"ஒரு பல்லிக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பதில் இரண்டு. முதலாவது: பல்லி வாழும் சோலைதான் தண்ணீரின் வீடு. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் கசியவிடுவது அந்த நிழலும் மக்கும்தான். கோமுகியும் மணிமுக்தாவும் இந்த மலையில் பிறந்து கள்ளக்குறிச்சிச் சீமையின் வயல்களுக்கு நீர் தந்து வெள்ளாற்றில் சேர்கின்றன. மேலே சோலை போனால் கீழே கரும்பும் நெல்லும் எப்படி நிற்கும்? இரண்டாவது: அந்தப் பல்லி வேறெங்கும் இல்லை. புலி ஒரு காட்டில் அழிந்தால், வேறு காட்டிலிருந்து கொண்டுவந்து விடலாம். ஒரு மலைக்கு மட்டுமே உரிய உயிர் அழிந்தால், உலகத்துப் பொன்னை எல்லாம் கொட்டினாலும் அது திரும்பாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அது இதைவிடக் கனமானது. மலையில் உயிர்கள் மட்டுமா வாழ்கின்றன? மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். நாடு விடுதலை பெற்ற பின்னும் அவர்கள் ஜாகீர்தார்களின் கீழ் இருந்தார்கள். 1976-ல்தான் அந்த ஆட்சி ஒழிந்தது. காட்டு நிலத்தில் அவர்களுக்குள்ள உரிமையை 2006-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்டது. இவ்வளவு தாமதமாக உரிமை பெற்றவர்களை நோக்கி, "பல்லி வாழவேண்டும், நீங்கள் விலகுங்கள்" என்று சமவெளியில் இருந்துகொண்டு சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? கடுக்காய் பொறுக்கவும் தேன் எடுக்கவும் சோலை வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களைக் காவலர்களாக ஆக்காத எந்தக் காவலும் நில்லாது.

ஆகையால் செய்ய வேண்டியது என்ன? உச்சிச் சோலைகளில் எஞ்சிய ஒவ்வொரு துண்டும் முழுதாகக் காக்கப்பட வேண்டும். குளிரை விட்டு இறங்காத உயிர்களுக்கு வேறு புகலிடம் கிடையாது. அதற்குக் கீழே, கரடியும் பறவைகளும் போய்வரும் இலையுதிர் காட்டை மலைக்கு மலை தொடர்புபடுத்த வேண்டும். ஓடைக்கரை மரங்களும் கோயிற்காடுகளும் இந்தக் கடலில் படிக்கல் போல் உதவும். மரம் நடுவோர் சவுக்கையும் தைல மரத்தையும் வரிசையாக நட்டுவிட்டுக் காடு வளர்த்ததாகப் பெருமை கொள்ளலாகாது. சாமைக்கும் தினைக்கும் நல்ல விலை கிடைக்கச் செய்தால், மலைக் குடியானவர் மரவள்ளியையே நம்பியிருக்க வேண்டியதில்லை. அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தார்தான். நம் சமையலறையில் வாரம் ஒரு நாள் சாமைச் சோறு வேகட்டுமே!

கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் முயன்றால் என்ன ஆகும் என்பதற்கும் நம் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போயிற்று. இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. 1986-ல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. பவளம் எடுப்பதும் பின்னர்ச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தணிக்கும் முயற்சியும் நடந்தது. மூழ்கிய இரண்டு மீளவில்லை. மற்றவை நிற்கின்றன.

கரியாலூருக்குப் படகு விடும் ஏரியையும் அருவியையும் காண இந்நாளில் பல குடும்பங்கள் போகின்றன. அவசியம் போகவேண்டும். போகிறவர்கள் ஒரு நாழிகை நேரம் சோலை ஓரத்தில் சத்தமின்றி நின்று பாருங்கள். குழந்தைகளுக்கு மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு சிறு பல்லியைக் காட்டுங்கள். தொடவேண்டாம். "இது இந்தத் தீவின் குடிமகன், நாம் விருந்தாளிகள்" என்று சொல்லுங்கள். கொண்டுபோன காகிதத்தையும் புட்டியையும் கீழே கொண்டு வந்துவிடுங்கள்.

விருந்தாளி எலியைக் கொண்டுபோகலாகாது என்பதே டோடோ நமக்குச் சொல்லிவிட்டுப் போன பாடம்.